பெருக்கித் தள்ளிய கூழாங்கற்கள்

அக்டோபர் 14, செவ்வாய்

நெகேமியா சார் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். விழுந்த மனிதர் கத்தி ஊரைக் கூட்ட வேண்டாமா? போன் செய்து, “டீச்சர், கொஞ்சம் கீழ வந்துட்டுப் போக முடியுமா?” என்கிறார், ஏதோ காபிப்பொடி கடன் கேட்கிற மாதிரி. போய்ப் பார்த்தால் கணுக்கால் பலாப்பிஞ்சு போல வீங்கியிருக்கிறது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எலும்பு முறிவு, மாவுக்கட்டு, நவம்பர் மூன்றாம் வாரம் வரை வெளியே போகக் கூடாது.

திரும்பி வரும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு பெரிய இரும்புச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். எங்கள் சந்தின் கோடியில் இருக்கும் யூதர் கல்லறையின் சாவி. அதை வைத்துப் பராமரிக்க இந்த ஊரில் இப்போது அவரைத் தவிர யாரும் இல்லை. “எங்களை எண்ண ஒரு கை விரலே ஜாஸ்தி டீச்சர்” என்று அடிக்கடி சொல்வார். அவர் மனைவி சிம்ஹா அக்காவும் அங்கேதான் இருக்கிறார்.

“செடிங்களுக்குத் தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற ஒண்ணும் பண்ண வேணாம்” என்றார்.

வேற ஒண்ணும் பண்ண வேண்டாமாம். முப்பது வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவளிடம் சொல்கிற பேச்சா இது?

அக்டோபர் 16, வியாழன்

தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். சிம்ஹா அக்காவை அடக்கம் செய்த அன்றைக்குப் பிறகு நான் உள்ளே போனதே இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் சார் தொப்பியைப் போட்டுக்கொண்டு போவதையும், வெயில் இறங்கும் முன் திரும்பி வருவதையும் பால்கனியிலிருந்து பார்ப்பதோடு சரி. துணி காயப்போடும்போது கண்ணில் படும், அவ்வளவுதான்.

இடம் சின்னது. ஒரு வேப்பமரம், நாலு அரளி. கல்லறைகள் மேல் ஆறு முனை நட்சத்திரமும், வலமிருந்து இடமாகப் படிக்கிற எழுத்தும். சுவர் ஓரம் சாய்த்து வைத்திருக்கும் கற்கள் மிகப் பழசு, எழுத்தெல்லாம் தேய்ந்துபோய்விட்டன. ஒரு பூ இல்லை, ஒரு மெழுகுவர்த்திச் சொட்டு இல்லை. பார்க்கப் பரிதாபமாக இருந்தது. சிம்ஹா அக்காவின் கல்லறை மேலோ ஒரே கூழாங்கல் குப்பை. பக்கத்து மொட்டை மாடியில் யாரோ மீன் தொட்டி வைத்திருக்க வேண்டும். தொட்டியைக் கழுவி அப்படியே இங்கே கொட்டுகிறார்கள். என்ன ஜனங்களோ.

இரவு கஞ்சி கொண்டுபோனபோது அந்தப் பழைய கற்களைப் பற்றிக் கேட்டேன். சார் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

“அவங்கெல்லாம் பவளக்காரங்க டீச்சர். கப்பல்ல பவளம் கொண்டாந்து இறக்குவாங்க, இங்கேருந்து வைரம் வாங்கிட்டுப் போவாங்க. வெள்ளைக்காரன் கோட்டை கட்டின காலத்து ஆளுங்க. மொதல்ல வடக்கால பட்டணத்துல எங்களுக்குன்னு ஒரு தோட்டம் இருந்துச்சாம். அங்க கட்டடம் வந்ததும் கல்லையெல்லாம் வண்டில ஏத்தி இன்னொரு எடம். அங்கேருந்தும் கெளப்பி இங்க. எங்கப்பா சொல்வார்.”

“கல்லு வந்துச்சு. அடியில இருந்தவங்க?”

“அவங்க வரலை. கல்லு மட்டும்தான் வந்துச்சு.” கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, “உப்பு கம்மி” என்றார்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி முடிந்தது. கல்லறைக்குள் விழுந்த ராக்கெட் குச்சிகள் ஒரு கூடை தேறின.

அக்டோபர் 25, சனி

கல்லறைத் திருநாள் நெருங்குகிறது. கீழ்ப்பாக்கம் போய் சவரியின் கல்லறையைத் தேய்த்துக் கழுவினேன். என் வீட்டுக்காரர் போய் எட்டு வருஷம் ஆகிறது. ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். நெகேமியா சார் அதே ஹார்பரில் சரக்குக் கணக்கு எழுதியவர். இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். சவரி சொல்லித்தான் சார் எங்கள் கட்டடத்தில் வீடு வாங்கினார்.

சவரி தலைமாட்டில் இந்த வருஷமும் கூழாங்கற்கள். ஒவ்வொரு தடவையும் பெருக்கித் தள்ளுகிறேன், மறுபடி வந்துவிடுகிறது. வாட்ச்மேன் மரியதாஸைக் கூப்பிட்டுத் திட்டினேன்.

“பசங்கள உள்ள விடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“பசங்க எங்க டீச்சர் வராங்க? பாத்தா யாரோ வேணும்னே வெச்ச மாதிரி இருக்கு.”

“பசங்க எல்லாமே வேணும்னுதான் பண்ணுவாங்க” என்றேன். எனக்குத் தெரியாத பசங்களா?

அக்டோபர் 30, வியாழன்

கல்லறை கேட்டில் இரண்டு படி ஏற வேண்டியிருக்கிறது. கட்டுப் பிரித்ததும் சார் வாக்கரோடு எப்படி ஏறுவார்? யாருக்காவது இந்த யோசனை வந்ததா? ஏகாம்பரம் கொத்தனாரை வரவழைத்து, படியை மூடி ஒரு சாய்தளம் போடச் சொன்னேன். ஜல்லி கொஞ்சம் பற்றவில்லை என்றார். சிம்ஹா அக்கா மேல் கிடந்த கூழாங்கற்களைத்தான் காலையில் பெருக்கி ஒரு சிமென்ட் பையில் போட்டு வைத்திருந்தேனே, அதை எடுத்துக் கொடுத்தேன். குப்பையும் ஒழிந்தது, வேலையும் முடிந்தது.

‘ரெஜினா கெட்டிக்காரி’ என்று சவரி சும்மா சொல்லவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். காலையில் பூசைக்குப் போய், சவரிக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டு, இரண்டு கூடை சாமந்தியோடு நேராக இங்கே வந்தேன். சிம்ஹா அக்காவுக்கு முழுப் போர்வையாகப் பூ. மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பிடி. பவளக்காரர்களுக்கும் கொடுத்தேன், அவர்கள் எத்தனை காலமாகப் பூ பார்க்காமல் இருக்கிறார்களோ. எல்லாருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். பாட்டிலில் மிச்சமிருந்த தீர்த்தத்தையும் தெளித்தேன். தப்பாக இருக்காது, நம் ஆண்டவரும் யூதர் வீட்டில் பிறந்த பிள்ளைதானே.

அந்தி வெளிச்சத்தில் அத்தனை அழகாக இருந்தது. போட்டோ எடுத்து மெல்போர்னில் இருக்கும் லேயாவுக்கு அனுப்பினேன். சாரின் ஒரே மகள். அம்மா கல்லறையைப் பார்த்தால் சந்தோஷப்படுவாள்.

சாரிடம் இன்னும் சொல்லவில்லை. கட்டுப் பிரித்ததும் அவரே வந்து பார்த்து அசந்துபோகட்டும்.

நவம்பர் 3, திங்கள்

ஐயோ.

லேயா போன் செய்தாள். “ஆன்ட்டி, போட்டோ ரொம்ப அழகா இருக்கு. ஆனா அப்பாவோட கல்லெல்லாம் எங்க?”

“எந்தக் கல்லு?”

“அம்மா மேல இருக்குமே, வெள்ளைக் கூழாங்கல்லு. நாங்க பூ வைக்க மாட்டோம் ஆன்ட்டி. பாத்துட்டுக் கெளம்பும்போது ஒரு கல்லு வைப்போம். வந்துட்டுப் போனேன்னு அர்த்தம். அம்மா போனதுலேருந்து அப்பா ஒரு வெள்ளிக்கிழமை விடாம வைக்கறார். கொளத்தூர்ல மீன் தொட்டி விக்கற கடைலேருந்து வாங்கிட்டு வருவார்.”

கழுவுவதற்காக எடுத்து வைத்திருக்கிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் அதை நம்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள்.

“ஆன்ட்டி, அப்பா அங்க தனியா இருக்கறத நெனச்சா எனக்குத் தூக்கமே வரலை. இங்க வந்துடுங்கன்னா, ‘நான் வந்துட்டா உங்கம்மாவுக்கு யாரு கல்லு வைப்பா’ன்னு கேக்கறார். அது ஒண்ணுதான் அவருக்கு. நீங்க ஒரு வார்த்தை, நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்கன்னா கெளம்பிடுவார். நீங்க சொன்னா கேப்பார் ஆன்ட்டி.”

யோசிக்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

பிறகு கேட்டுக்குப் போய்ச் சாய்தளத்தைப் பார்த்தேன். கல் மாதிரி இறுகிவிட்டது. ஏகாம்பரம் எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்ததில்லை, இதை மட்டும் செய்திருக்கிறார்.

நவம்பர் 5, புதன்

இரண்டு பஸ் மாறிக் கொளத்தூர் போனேன். மீன் கடைக்காரர், “எத்தினி அடி டேங்க் மேடம்?” என்றார்.

“ஆறடி.”

“யம்மா! என்ன மீன் வுடப் போறீங்க?”

“மீன் இல்லை.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எடை போட்டார். தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து, சிம்ஹா அக்கா மேல் அதே மாதிரி குவித்து வைத்தேன். தள்ளி நின்று பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. கிட்டே போனால் எல்லாம் கடைப் பளபளப்பு. மழையும் வெயிலும் படாத கற்கள்.

மைதானத்தைச் சுற்றாமலே, மரத்தடியில் நின்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஓடி முடித்துவிட்டோம் என்று மூச்சு வாங்கும் பிள்ளைகள் எத்தனை பேரை விசிலடித்துப் பிடித்திருக்கிறேன். நான் செய்திருப்பது அதேதான்.

நவம்பர் 6, வியாழன்

எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூட்டை கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இடுப்பு வலி.

நவம்பர் 13, வியாழன்

சார் எதுவும் கேட்கவில்லை. “செடியெல்லாம் நல்லா இருக்கா?” என்று மட்டும் கேட்டார். நல்லா இருக்கு என்றேன். நெத்திலிக் குழம்பு வைத்துக் கொடுத்தேன், இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். வட்டக் கிண்ணம் இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது, நாளை போய் எடுக்க வேண்டும்.

நவம்பர் 21, வெள்ளி

கட்டுப் பிரித்த கையோடு கல்லறைக்குப் போயே தீருவேன் என்றார். வாக்கரைத் தட்டித் தட்டிச் சந்தின் கோடிக்கு வர அரை மணி ஆனது. சாய்தளத்தைப் பார்த்ததும் நின்றார்.

“இது யார் போட்டது?”

“நான்தான்.”

“எனக்காகவா?”

“இல்லை, பவளக்காரங்க வந்து போறதுக்கு” என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. வாக்கர் சக்கரம் கடகடவென்று அதன் மேல் ஏறியது.

சிம்ஹா அக்கா முன்னால் நின்றார். காய்ந்த சாமந்தியைப் பார்த்தார், மெழுகுச் சொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். மீன் தொட்டிக் குப்பை என்று நினைத்தது, பெருக்கியது, பூ, தீர்த்தம், கொளத்தூர், எல்லாம்.

“எல்லாக் கல்லையுமா டீச்சர்?”

“எல்லாத்தையும்.”

“இப்ப எங்க இருக்கு?”

கேட்டைக் காட்டினேன். “நீங்க ஏறி வந்தீங்களே, அதுக்குள்ள.”

அவர் திரும்பி நடந்தார். குனிய முடியாமல் குனிந்து பார்த்தார். ஓரத்தில் ஒரே ஒரு வெள்ளைக் கல் சிமென்ட்டுக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பதறி ஓடினேன். சிரிக்கிறார்! கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

“சிம்ஹா எப்பவும் சொல்வா, வெறுங்கையோட வராதீங்க, உருப்படியா எதாவது கொண்டாங்கன்னு. கொண்டாந்ததெல்லாம் சேத்து எனக்கே ரோடு போட்டுக் குடுத்துட்டா பாருங்க.”

“மன்னிச்சிடுங்க சார்.”

“பெருக்கித் தள்றது உங்க கைப்பழக்கம் டீச்சர். எனக்குத் தெரியாதா?”

மாடிப்படியை நான் தினமும் பெருக்குவதைக் குத்திக்காட்டுகிறார். நான் பெருக்காவிட்டால் இந்தக் கட்டடத்தில் யார் பெருக்குகிறார்கள்? ஆனால் இன்றைக்கு என் நிலைமையில் சண்டைக்குப் போக முடியாது, விட்டுவிட்டேன்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். பூ வாடிவிடும், கல் இருக்கும் என்றார். எப்போதோ யாராவது இந்தப் பக்கம் வந்தால், ஒரு கல்லைப் பார்த்து, இவளுக்கும் ஆள் உண்டு என்று தெரிந்துகொள்வார்களாம்.

“லேயா கூப்புட்டுக்கிட்டே இருக்கா. அந்த ஊர்ல வசதியாத்தான் இருக்கும். ஆனா நான் போயிட்டா இவளுக்கு யாரு டீச்சர் இருக்கா?”

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய் வரைக்கும் வந்தது.

“இருட்டப் போகுது, கேட்டைப் பூட்டணும்” என்றேன்.

நவம்பர் 24, திங்கள்

லேயா மறுபடியும் போன் செய்தாள். சரியான சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சமையல் வாயு தீர்ந்துவிட்டது. மூட்டு வலிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். மேலே நீர்க்கசிவு. இவ்வளவு வேலை இருக்கும்போது எப்படிச் சொல்வது?

டிசம்பர் 2, செவ்வாய்

இரண்டு நாளாக விடாத மழை. நேற்றிரவே கரண்ட் போனது. அதிகாலையில் டார்ச் அடித்துப் படியிறங்கிப் பார்த்தால் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். சார் கட்டில் மேல் காலைத் தூக்கி வைத்து, மடியில் சிம்ஹா அக்காவின் போட்டோவோடு உட்கார்ந்திருக்கிறார். வாக்கர் மிதக்கிறது.

“கூப்புட வேண்டியதுதானே!”

“போன் செத்துப்போச்சு. கத்தலாம்னு பாத்தேன். நீங்க தூங்குவீங்களேன்னு விட்டுட்டேன்.”

தண்ணீரில் நடந்து அடுத்த தெருவுக்குப் போய் ஏகாம்பரம் கொத்தனாரை எழுப்பிக் கூட்டிவந்தேன். ஏகாம்பரமும் நானும் நாற்காலியோடு தூக்கி என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஹாலில் சவரியின் கட்டிலைப் போட்டுக் கொடுத்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

சார் போர்வையைப் பள்ளிக்கூடப் பிள்ளை போல நாலு மூலையும் சேர்த்து மடித்து வைக்கிறார். ரசம் பிரமாதம் என்றார். உப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. இரவில் அவர் இருமும் சத்தம் கேட்டது. வீட்டில் இன்னொருவர் இருமிக் கேட்டு எவ்வளவு நாளாகிறது. எழுந்து போய் வெந்நீர் வைத்துவிட்டு வந்தேன்.

இன்று மத்தியானம்தான் லைன் வந்தது. லேயா போனில் தேம்பித் தேம்பி அழுதாள். இரண்டு நாளுக்கு மேலாக அப்பா இருக்கிறாரா இல்லையா என்றே அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. “ஆன்ட்டி, நீங்க சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள். அடுப்பில் ரசம் பொங்குகிறது என்று போனைச் சாரிடம் கொடுத்துவிட்டேன்.

பெற்ற பிள்ளையிடம் போக வேண்டிய மனிதரை இங்கே பிடித்து வைத்துக்கொள்ள எனக்கு என்ன காரணம் இருக்கிறது?

இருக்கிறது. எழுத மாட்டேன்.

டிசம்பர் 5, வெள்ளி

மழை விட்டது. சந்தெல்லாம் சேறு. கட்டிலுக்கு அடியில் இருந்த மூட்டையை அவிழ்த்து ஒரே ஒரு கல்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு சாரோடு கிளம்பினேன்.

சார் தன் கல்லை வைத்துவிட்டு, உதட்டுக்குள் ஏதோ சொல்லி முடித்தார். அவர் நகரும் வரை காத்திருந்தேன். பிறகு முடிச்சை அவிழ்த்து என் கல்லை அவர் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். இது மட்டும் ஏமாற்றாமல் ஓடிய சுற்று.

அவர் இரண்டு கல்லையும் பார்த்தார். நான்தான் பேச வேண்டியிருந்தது.

“இங்க இருக்கற கல்லே ரெண்டு தடவை வீடு மாறியிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. நீங்க ஒரு தடவை மாறினா என்ன சார்? பொண்ணு அழறா. போயிட்டு வாங்க. சிம்ஹா அக்காவ நான் பாத்துக்கறேன்.”

வாக்கரை என் பக்கம் திருப்பினார். “ஒவ்வொரு வெள்ளியுமா டீச்சர்?”

“முப்பது வருஷத்துல ஒரு நாள் மட்டம் போட்டவ இல்லை நான்.”

“பெருக்க மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

வீட்டுக்கு வந்து இட்லிக்கு அரைத்தேன். மாவு பொங்கி வழிகிற அளவுக்கு அரைத்துவிட்டேன்.

டிசம்பர் 11, வியாழன்

டிக்கெட் போட்டாகிவிட்டது. பொங்கல் கழித்து.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்மஸ். கேக்கும் கறிச்சோறும். சார் மேலே வந்து சாப்பிட்டார். சாவியில் ஒரு பித்தளை வளையம் மாட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். “இனிமே இது உங்களோடது. இரும்பு கையைக் கறையாக்கும், அதான் வளையம்.” வீட்டுக்கு வந்த மற்றவர்களிடம் அதைக் காட்டவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

போய்விட்டார்.

விமானம் இரவில்தான். ஆனால் டாக்ஸியை மத்தியானமே வரச் சொல்லியிருந்தார். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்றேன். “வழியில ஒரு எடத்துக்குப் போகணும் டீச்சர்.” ஞாயிற்றுக்கிழமை எந்த ஆபீஸ் திறந்திருக்கப் போகிறது? அந்த நேரத்தை இங்கே உட்கார்ந்து ஒரு காபி குடித்துக் கழித்திருக்கலாம். எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன்.

விமான நிலையத்துக்கு நான் போகவில்லை. மூட்டு வலி.

வட்டக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஜனவரி 23, வெள்ளி

முதல் கல் வைத்தேன். “அக்கா, சார் நல்லபடியா போய்ச் சேந்துட்டார். அங்க வெயிலாம், ஸ்வெட்டரை வெச்சிக்கிட்டு முழிக்கறாராம்” என்று சொன்னேன். செத்தவர்களிடம் சத்தமாகப் பேசுகிற ஆள் இல்லை நான். ஆனால் அங்கே வேறு யாரும் இல்லையே.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். “சிம்ஹா எப்படி இருக்கா?”

“நல்லா இருக்காங்க.”

“நீங்க?”

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்” என்றேன்.

பிப்ரவரி 11, புதன்

சவரியின் நினைவு நாள். கீழ்ப்பாக்கம் போனேன். வாசலில் பூக்கார அஞ்சலையிடம் ரோஜா வாங்கினேன். அவள் காசை முந்தானையில் முடிந்துகொண்டே, “உங்காளு வந்துட்டுப் போனாரே டீச்சர், பாத்தீங்களா?” என்றாள்.

“எந்த ஆளு?”

“அதான், தொப்பி போட்ட பெரியவரு. உங்க வூட்டுக்காரர் கிட்டதான் எப்பவும் வந்து நிப்பாரு. எத்தினி வருசமா மாசாமாசம் வராரு, ஒரு முழம் பூ வாங்கினதில்ல. ஜேபிலேருந்து கல்ல எடுத்து வெச்சிட்டுப் போயிடுவாரு. பொங்கலுக்கு அப்பால, ஒரு ஞாயித்துக்கெழம, டாக்சி நெறய பெட்டியோட வந்து எறங்கினாரு. அதான் தள்ளிக்கிட்டு நடப்பாங்களே, அத்தப் புடிச்சிக்கிட்டு. நான்தான் கையப் புடிச்சி உள்ள இட்டுனு போனேன். ரொம்ப நாழி நின்னாரு.”

பூவைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மூட்டு வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

சவரியின் தலைமாட்டில் ஒரு வெள்ளைக் கூழாங்கல் இருந்தது. அதே கொளத்தூர் கல்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு வருஷமாக அந்த மனிதர் தன் நண்பனைப் பார்க்க வந்து போயிருக்கிறார். எட்டு வருஷமாக நான் அதைப் பெருக்கித் தள்ளியிருக்கிறேன், பசங்களைத் திட்டியிருக்கிறேன். தான் வைத்த கல் அடுத்த முறை இருக்காது என்று தெரிந்தேதான் திரும்பத் திரும்ப வைத்திருக்கிறார். பெருக்கித் தள்றது உங்க கைப்பழக்கம், எனக்குத் தெரியாதா என்று அவர் சிரித்தது மாடிப்படிக்காக இல்லை.

ஒரு வார்த்தை சொல்லவில்லையே. என் மனம் நோகுமென்று சொல்லவில்லை.

நன்றாக அழுதேன். சவரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இந்த நோட்டில் எழுதாததையும் சொன்னேன். ரோஜாவைக் கல்லின் மேல் படாமல் தள்ளி வைத்தேன். கையோடு கொண்டுபோன துடைப்பத்தைப் பையிலிருந்து எடுக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

சிம்ஹா அக்காவுக்குக் கல் வைத்தேன். சாய்தளத்தில் தலை நீட்டும் அந்த ஒற்றைக் கல்லை மிதிக்காமல் ஓரமாக ஏறிப் பழகிவிட்டது. அரளி பூத்திருக்கிறது.

சாயங்காலம் போன் வந்தது.

“சிம்ஹா எப்படி இருக்கா டீச்சர்?”

“நல்லா இருக்காங்க.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னேன். “சவரியும் நல்லா இருக்கார்.”

அந்தப் பக்கம் வாக்கர் சக்கரம் உருண்டு நிற்பது கேட்டது.

“இந்தத் தடவையும் பெருக்கிட்டீங்களா?” என்று கேட்டார்.

“இல்லை. அங்கேயேதான் இருக்கு. அப்படியே இருக்கும். நம்பிக்கை இல்லைன்னா வந்து பாத்துக்குங்க.”

“வரேன், ரெஜினா” என்றார்.

அவர் போனை வைத்த பிறகும் வெகுநேரம் நான் காதிலிருந்து எடுக்கவில்லை.